புது ஆளைக் கண்டால் குரைக்காத நாய்

...பக் நாய் வேண்டாம், அதற்கு மூச்சிரைக்கும், டாக்ஸ்ஹண்டுக்கு முதுகு பலமில்லை, பிள்ளைகள் தூக்கிப் போட்டு விளையாடினால் அதைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வைக்க வேண்டிவரும், மால்டீஸ்தான் சரி, என் மகள் மிருனா கேட்பதும் அதைத்தான், இங்கே நான் பார்த்துக்கொள்ளும் கிழவியின் நாய் பிப்போ மாதிரியே வெள்ளையாக. போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் பிப்போ என் மடியில்தான் கிடக்கும். "பிப்போவுக்கு மட்டும் தெனமும் நீ இருக்கல்லம்மா" என்றாள் போன வாரம், கோபமாகக்கூட இல்லை, ஆறு வயசுக்கு அப்படியொரு நிதானம்... எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை, இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை, மரத்துப்போய்விட்டது. சரிடி செல்லம், உனக்கும் ஒண்ணு வாங்கித் தரேன் என்றேன். நாயைத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, பதோவாவுக்கு வேலைக்கு வந்திருக்கும் எங்கள் நாட்டுப் பெண்களில் பாதிப் பேர் இந்த மைதானத்தில்தான் நிற்கிறார்கள், எங்கள் ஊர்ப்பக்கம் சுசாவா போகும் வேனில் பார்சல் ஏற்ற. எனக்கு முன்னால் ப்ரோஃபிரா, நான் இருக்கும் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்பவள். நாய் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டாள். "அடியே தோய்னா, எங்கூத்தக் கேளு. ஈஸ்டருக்கு ஊருக்குப் போறேன், நான் அனுப்புன காசுல வாங்குன நாயி, கேட்டத் தொறந்தா என்னப் பாத்து அந்தக் கொலை கொலைக்குது! எம் மவன் அதோட கழுத்துப் பட்டையப் பிடிச்சுக்கிட்டு, பயப்படாதீங்க, வெளியாளுன்னா அப்படித்தான்னு சொல்லிப்புட்டு, அப்புறம்தான் நிமிந்து பாத்தான்." எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், நானும் சிரித்திருப்பேன். அவள் கண்ணைத் துடைத்தது சிரிப்பினாலா? கேட்கவில்லை. நான் ஊரை விட்டு வரும்போது மிருனாவுக்கு ரெண்டு வயசு, கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று வேனில் ஏறினேன், அவள் பார்த்து அழக் கூடாதே என்று. நாலு வருஷம். போனில் இருக்கிற முகத்துக்கு வாசலில் என்ன அடையாளம்?

வரிசை நகர்வதற்குள் ஊரில் நாய் வளர்த்து விற்பவருக்குப் போன் போட்டேன். பிள்ளைகளோடு சேருமா, கடிக்குமா, முடி உதிருமா, எல்லாம் கேட்டேன், கடைசியில் அதையும் கேட்டேன். "புது ஆளக் கண்டாக் கொலைக்காத சாதியா? அப்படி ஒண்ணு இருந்தா எனக்குஞ் சொல்லுங்கம்மா," என்று சிரித்தார், "அப்படி யாரு வரப்போறா?" அந்தப் பிள்ளையோட அம்மா என்றேன். அந்தப் பக்கம் குரைத்த நாய்களை அதட்டிவிட்டுச் சொன்னார். "நீங்க உடுத்துன துணி ஒண்ணு அனுப்புங்கம்மா, தொவைக்காம. குட்டியோட படுக்கையில போட்டு வைக்கச் சொல்லுங்க, வாசன பழகிக்கும்."

துவைக்காமலா? நாங்கள் யாரும் துவைக்காமல் எதையும் ஊருக்கு அனுப்புவதில்லை, பழைய துணியானாலும் துவைத்து, இஸ்திரி போட்டு, நடுவில் ஒரு சோப்புக்கட்டி வைத்து... இங்கே நன்றாக இருக்கிறோம் என்று அந்த மணம் போய்ச் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்தால் கடை மாதிரி வாசம் என்று என் வீட்டுக்காரர் கோஸ்டெல் பெருமையாகச் சொல்வார். அப்படியென்றால் நாலு வருஷமாக என் பிள்ளை முகர்ந்தது எதை? "அக்கா, குடுங்க, வண்டிய எடுக்கணும்!" என்று டிரைவர் கத்துகிறான். குளிரில் ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றிவிட்டேன், "என்னடி கிறுக்கு, நடு மைதானத்துல!" என்கிறாள் ப்ரோஃபிரா. பார்சலில் திணிக்கும் முன் முகத்தில் அழுத்திப் பார்த்தேன். கிழவியின் முட்டிக்குத் தேய்க்கிற தைலம். அதற்கு அடியில் பிப்போவின் வாடை. இன்னும் ஆழமாக இழுத்தேன், என்னுடையது எங்கேயாவது கொஞ்சம் இருக்கும், இருக்க வேண்டுமே... டிரைவர் கையை நீட்டியபடி நிற்கிறான்.