ஏழு வேலைக்கு ஒரே சொல்

அழுகிற குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதற்கு விலை, மாதம் ஐந்நூற்றைம்பது சிங்கப்பூர் வெள்ளி. சமையலும் துடைப்பமும் அதற்குள் அடக்கம். சிங்கப்பூர் வீட்டுவேலைக்குப் பெண்களைத் தயார்செய்து அனுப்பும் மலாங் ஊர்ப் பயிற்சி வீட்டில், முடியைக் காதளவுக்குக் கத்தரித்துவிட்டு உட்கார்ந்திருந்த நாற்பது பெண்களுக்கும் இது தெரியும். அவர்களில் ஒருத்தியான வினார்சியின் நான்கு வயது மகள் சல்வாவை மட்டும், போனரோகோ என்ற சொந்த ஊரில் அவள் தங்கை இலவசமாகத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருஷம் சிங்கப்பூரில் வீட்டுவேலை பார்த்துத் திரும்பிய எண்டாங் அக்காதான் அங்கே ஆங்கில வாத்தியார். அன்று பலகையில் 'பிக் அப்' என்று எழுதி, கீழே ஏழு அர்த்தம் வரிசையாகப் போட்டாள். விழுந்ததை எடு. அழுகிற பிள்ளையைத் தூக்கு. பள்ளியிலிருந்து கூட்டி வா. பார்சலை வாங்கி வா. போன் அடித்தால் எடு. பேச்சைக் கேட்டே பழகிக்கொள். காய்ச்சலில் படுத்தால் சீக்கிரம் தேறு. வினார்சி வெங்காயக் கடைக்காரியின் மகள். அவள் அறிந்த சந்தையில் மூட்டை ஏற்ற ஒரு கூலி, இறக்க ஒரு கூலி, அவிழ்த்துக் கொட்ட இன்னொரு கூலி. ஏழு வேலையை ஒரே சொல்லில் கட்டி ஒரே கூலிக்கு விற்ற கெட்டிக்காரன் யாரோ என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். ஏழிலும் குனிகிறவள் ஒருத்திதான் என்பதையும் கவனித்தாள்.

"அக்கா, அந்த அஞ்சாவது. அது யார் போன்?"

"மேடம் போன்டி. உன்னோடது அவங்க அலமாரில இருக்கும். மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை குடுப்பாங்க."

"அப்ப என் பொண்ணு கூப்பிட்டா அலமாரி பேசுமா?"

வகுப்பு சிரித்தது. எண்டாங் சிரிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு நேர்காணலில் தள்ளப்பட்டவள் நீ, இதுவும் போனால் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான் என்றாள். கேட்டதற்கு 'எஸ் மேடம்' சொல்ல வேண்டும், எதையும் கேட்கக் கூடாது; அந்தப் பயிற்சி வீட்டின் சட்டம் அது.

"நான் பதினோரு வருஷம் ஒண்ணுமே கேக்கல. செத்தா போயிட்டேன்?"

மறுநாள் நேர்காணலில், வீட்டுக்கு ஆள் தேடும் மிசஸ் கோ சிங்கப்பூரிலிருந்து திரையில் வந்தாள், மடியில் ஒரு குழந்தையோடு. பிள்ளை அழுதால், மணி அடித்தால், பள்ளி விட்டால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வினார்சி எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னாள். பிறகு, எண்டாங் கையை ஆட்டி ஆட்டித் தடுத்தும், சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு என் பொண்ணு கூப்பிடுவா, மேடம். போன் என் கையில இருக்கணும். அரை மணி நேரம்."

மிசஸ் கோ பேசவில்லை. வினார்சிக்கு இந்த மௌனம் பழக்கம். விலை சொன்ன பிறகு முதலில் வாய் திறப்பவருக்குத்தான் நஷ்டம்; அம்மா தராசுக்குப் பின்னால் எத்தனையோ முறை இப்படி உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் வெங்காயம் விற்காவிட்டால் நாளைக்கு விற்கலாம். இது போனால் ஊருக்குப் பஸ்தான். 'எஸ் மேடம்' தொண்டை வரை வந்து நின்றது, அதை விழுங்கினாள். திரையில் குழந்தை மிசஸ் கோவின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"பத்து நிமிஷம்," என்றாள் மிசஸ் கோ.

"இருபத்தஞ்சு, மேடம். பேசிட்டே பாத்திரம் கழுவிடுவேன்."

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாக அவள் சொன்னதும் திரை அணைந்தது.

"இது என்ன சந்தையாடி?" எண்டாங் மேஜையைத் தட்டினாள்.

"வெல பேசறாங்களே அக்கா. வேற என்னவாம்?"

அடுத்த நேர்காணலுக்குக் கதவருகே காத்திருந்த துமினி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். எவர் பேச்சுக்கும் தலையாட்டுகிறவள், உள்ளே போய் வெகுநேரம் இருந்தாள்.

சாயங்காலம் நேர்காணல் நோட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது. அதில் பெண்கள் கேட்கும் கேள்விக்கென்று கட்டம் எதுவும் இருந்ததில்லை. எண்டாங் கோபத்தில் ஸ்கேலை வைத்துத் தானே ஒரு கட்டம் போட்டிருந்தாள். வினார்சி: நேர்காணல் மூன்று, கேள்வி ஒன்று, பதில் பாக்கி. துமினி: நேர்காணல் ஒன்று, கேள்வி நான்கு, பதில் இரண்டு. அடுத்துப் போன பாரியெம் இன்னும் திரைமுன்னேதான் இருந்தாள். அவள் பெயருக்கு நேரே, கேள்விக் கட்டத்தில், அதற்குள் மூன்று கோடு.