மந்திரவாதிக்கு மகள் இல்லை

மூன்று பாகம் எழுதி முடித்தேன். கடைசிப் பக்கத்தில் மந்திரவாதியை மன்னிக்கவில்லை. அவ்வளவுதான், வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

கதை இதுதான். ஆடு மேய்க்கும் பெண்ணின் பாட்டை ஒரு மந்திரவாதி திருடி, அரசவையில் தன் பாட்டாகப் பாடிப் பெயர் வாங்குகிறான். பாட்டைப் பறிகொடுத்தவள் ஊமையாகிறாள். மலை, பாதாளம், பேசும் பாம்பு என்று இரண்டு பாகம் அலைந்து குரலை மீட்கிறாள். மூன்றாம் பாகத்தின் முடிவில், கிழவனாகிவிட்ட மந்திரவாதி அவள் காலில் விழுகிறான். அவள் அவனைத் தாண்டி நடந்துபோகிறாள். முற்றும்.

ஒரகடம் கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் எழுதி, ஒரு கதைச் செயலியில் போட்ட கதை. செயலியில் வந்த திட்டுகளையும் அதே பஸ்ஸில்தான் படித்தேன். "அவனுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "தாண்டும்போது ஒரு மிதி மிதித்திருக்கலாம்" என்று இன்னொருவர். இவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் பேசினார். மூன்றையும் புத்தகமாகப் போடுகிறேன், முடிவில் மட்டும் மன்னித்துவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். இழுபறிக்குப் பிறகு, உத்திரமேரூர் வாசகர் வட்டம் ஓட்டுப் போடட்டும், எது ஜெயிக்கிறதோ அதை அச்சடிக்கலாம் என்று முடிவானது.

வட்டத்தை நடத்துவது என் தோழி ஷாஹிஸ்தா. பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், மாடியில் கூட்டம் நடக்கும். தலைமைக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டாள். செந்தமிழன் ஐயாவை என்றேன்.

"அந்த ரிட்டையர்டு தமிழ் வாத்தியாரா? பேச ஆரமிச்சா நிறுத்த மாட்டாருடி. பேஜாரு."

"தலைவர்னா மூணு பாகத்தையும் படிச்சிட்டுத்தான வரணும்? அவரு படிக்கணும். அதுக்குத்தான்."

ஒன்பதாம் வகுப்பில் நான் ஒரு கதை எழுதினேன். மாவட்டப் போட்டிக்கு அனுப்புகிறேன் என்று ஐயா வாங்கிக்கொண்டார். முதல் பரிசு கிடைத்தது, அவர் மகள் சுதாவின் பெயருக்கு. பள்ளி ஆண்டு மலரில் அச்சாகி வந்தபோது பார்த்தேன், வரிக்கு வரி என்னுடையது. என் அம்மா ஜெயம்மாள் நடவைப் பாதியில் விட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு போய்க் கேட்டாள். ஐயா நாற்காலியை விட்டு எழவில்லை.

"உங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு இந்த மாதிரி எழுத வருமா ஜெயம்மா? நீயே யோசிச்சிப் பாரு."

பதினெட்டு வருடம் ஆயிற்று. அம்மா அந்தப் பேச்சை இன்றுவரை எடுத்ததில்லை. நான் அதை ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐயா வந்தார். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் சுதாதான் தன் ஸ்கூட்டியில் அழைத்து வந்தாள். "எழுத்தாளர் அம்மாவுக்கு வணக்கம்" என்று எனக்குக் கும்பிடு போட்டார். அடித்தவன் மறந்துவிடுவான் என்பது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் குடவோலைக் கல்வெட்டு இருக்கிற ஊர். இங்கே கை தூக்கி ஓட்டுப் போட்டால் மரியாதைக் குறைவு. ஷாஹிஸ்தா வீட்டிலிருந்து எவர்சில்வர் குடம் கொண்டுவந்தாள். இருபத்திரண்டு பேரும் சீட்டு எழுதிப் போட்டார்கள். மன்னிக்கலாம் பதினொன்று, மன்னிக்கக் கூடாது பதினொன்று. சமமாகிவிட்டால் தலைவர் காரணம் சொல்லி ஓட்டுப் போட வேண்டும், அது வட்டத்தின் வழக்கம். இந்த வழக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்தாயிற்று.

ஐயா எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"தண்டிப்பது எளிது, மன்னிப்பதே மாண்பு. இந்த மந்திரவாதி பிறவியிலேயே பொல்லாதவன் அல்லன்…"

பொறுக்க முடியாமல் குறுக்கே கேட்டேன். "அப்பறம் ஏன் ஐயா அந்தப் பாட்ட எடுத்தான்?"

அவருடைய மேடைத் தமிழ் கழன்றுகொண்டது. "தனக்கோசரமா எடுத்தான்? பெத்த பொண்ணுக்கோசரம் எடுத்தான். தாயில்லாத பொண்ணு, நாலு பேரு முன்னால தல நிமிந்து நிக்கணும்னு எடுத்தான். தகப்பன் மனசு உனுக்கு இன்னாம்மா தெரியும்?"

எல்லாரும் ஷாஹிஸ்தா போட்டுக் கொடுத்த ஜெராக்ஸ் பிரதியைப் புரட்டினார்கள். லாரி ஓட்டும் பீட்டர் அண்ணன், அவரும் மன்னிக்கலாம் கட்சிதான், தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"ஐயா, மூணு பாகத்துலயும் அவனுக்குப் பொண்ணே இல்லியே. ஒண்டிக்கட்டையா தான கீறான்?"

நான் போட்ட திட்டத்தில் இது இல்லை. படித்துக் கூனிக் குறுகட்டும் என்றுதான் வரவழைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது.

சுதா எழுந்து நின்றாள்.

"அப்பா, எந்தப் பொண்ணு?"

ஐயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பரிசுக் கதையா? நீங்க எழுதிக் குடுத்ததுன்னு தான சொன்னீங்க. எங்கப்பா எனக்கோசரம் ராவெல்லாம் ஒக்காந்து எழுதினாருன்னு இத்தினி வருஷமா பெருமையா நெனச்சிக்கினு கீறேனே. யாரு எழுதினது?"

ஐயா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பரிமளா. ஜான் பொண்ணு. ஒம்பதாவது பி செக்ஷன், மூணாவது பெஞ்சு."

பெஞ்சு வரைக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. உள்ளே வரும்போதே என்னைத் தெரிந்துதான் கும்பிட்டிருக்கிறார். மறந்திருந்தாலாவது, போகட்டும் கிழவர் என்று விட்டிருப்பேனோ என்னவோ.

"கூட்டத்த முடிச்சிக்கலாம் பரிமளா" என்று ஷாஹிஸ்தா என் கையைப் பிடித்தாள்.

"ஐயா ஓட்டு பாக்கி கீது" என்றேன்.

சீட்டையும் பேனாவையும் நானே கொண்டுபோய் வைத்தேன். சுதா உட்காரவில்லை, அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பார்க்க வேறு என்ன எழுத முடியும்? எழுதி மடித்துக் குடத்தில் போட்டார். ஷாஹிஸ்தா எடுத்துப் பிரித்துப் படித்தாள்.

"மன்னிக்கக் கூடாது."

ஒரு எழுத்து மாறாமல் புத்தகம் அச்சுக்குப் போனது. ஆனால் அன்று எனக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது. சுதா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப்போய் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஐயா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்குவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள். அவர் வெயிலில் நின்று அந்தப் பக்கமே பார்த்தார். நான் மாடி ஜன்னலில் நின்று அவரைப் பார்த்தேன்.

"வயசானவருடி. ஒரு ஆட்டோவாவது புடிச்சிக் குடுப்பமா?" என்றாள் ஷாஹிஸ்தா.

"பஸ்ஸு கீது."

கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஷாஹிஸ்தா பிரியாணி செய்திருந்தாள். பாதிப் பேர் சாப்பிடாமலே போய்விட்டார்கள். எனக்கு நல்ல பசி. உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.