தலையில் காற்றுப் படாமல்

அக்குபங்சர் பார்க்கிற அந்த அம்மாவை எல்லோரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு திரை, கை கழுவ ஒரு தொட்டி. கைராசிக்காரி என்று பெயர் எடுத்தவள். பெயர் எடுத்தவர்களுக்கு வருகிற வியாதி அவளுக்கும் கொஞ்சம் இருந்தது: வலி போனால் ஊசியால் போனது, திரும்பி வந்தால் வந்தவர் சொன்னபடி கேட்கவில்லை.

குளிர் தொடங்கியதும் தையல்காரி வந்தாள். வீட்டிலேயே ஒரு அறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள், வாய் ஓயாதவள். நெற்றியை இறுக்கிப் பிழிகிற தலைவலி, கூடவே குமட்டல். டாக்டர் மாத்திரை கொடுத்தார், பிறகு கண்ணாடி எழுதிக் கொடுத்தார், ஒன்றும் வேலைக்காகவில்லை. தலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தைத்தால் நிம்மதியாக இருக்கும் என்றாள்.

ஊசியம்மா புருவ மத்தியிலும் பிடரியிலும் கட்டைவிரல் இடுக்கிலும் மெல்லிய ஊசிகளை இறக்கிவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். அரைமணி கழித்துத் தையல்காரி எழுந்து உட்கார்ந்தபோது வலி போன இடம் தெரியவில்லை. அழுதேவிட்டாள். ஊசியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் வலி விடுவதாயில்லை. இங்கே வந்து படுத்தால் போகும். வீட்டுக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தால் வரும். யோசித்திருக்க வேண்டாமா? ஊசியம்மா யோசிக்கத்தான் செய்தாள், ஊசியைப் பற்றி மட்டும். ஊசி போட்ட இடத்தில் குளிர்காற்று பட்டால் பலன் கலைந்துவிடும் என்பது அவள் கற்ற பாடம். எல்லோருக்கும் சொல்வதுதான், இவளுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

"நீ தைக்கிற ரூம்ல காத்து வருதா?"

"ஜன்னல் பழசுக்கா. எத்தனை சாத்தினாலும் சந்து வழியா ஊதும். கேஸ் ஹீட்டர் நாள் முழுக்க எரிஞ்சும் குளிருது."

"அதான் விஷயம். போய் முதல்ல அதை அடை. ஹீட்டரைப் போட்டுட்டுக் கதகதப்பா இரு. தலையில காத்தே படக் கூடாது."

அடுத்த முறை தையல்காரி பெருமை பொங்க வந்தாள். வெட்டி மிஞ்சிய துணிகளைத் திரித்து, ஜன்னல் சந்து, கதவு இடுக்கு ஒன்று விடாமல் அடைத்தாயிற்றாம். கை எட்டாத மேல் சந்துகளைக் கணவன் ஸ்டூல் போட்டு ஏறி அடைத்தானாம். வலி மட்டும் முன்னைவிட மோசம், படியேறும்போதே தள்ளாடியிருக்கிறாள். வலி வெளியேறும்போது ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போகும் என்று ஊசியம்மா தேற்றினாள். பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கிற கணவனுக்கும், தன்னோடு தையல் அறையில் உட்கார்ந்திருக்கும் லீவு நாளில் மட்டும் தலை வலிக்கிறது என்று தையல்காரி படுத்தபடியே சொன்னாள். நாள் முழுக்க என் முகத்தைப் பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்றாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் மேலே ஏறி வந்து சொன்னார். தைத்தபடியே அந்த அறையில் கண்ணயர்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. காலையில் வேலை முடிந்து வந்த கணவன்தான் பார்த்திருக்கிறான்.

ஊசியம்மா போனபோது அடக்கம் முடிந்திருந்தது. ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. வந்தவர்கள் வெடவெடத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் கம்பெனி ஆள் வந்து பார்த்துச் சொன்னதை ஒரு உறவுக்காரப் பெண் அவளுக்குச் சொன்னாள். ஹீட்டரின் புகைக்குழாய் கரி பிடித்து அடைத்துக்கொண்டதால், வாசனையே இல்லாத விஷப்புகை பல நாளாக அறைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. தலைவலி அதனால்தான். வெளியே போய் நல்ல காற்று பட்டதும் விட்டிருக்கும். ஜன்னல் சந்தில் வந்த காற்றுதான் அதுவரை அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்ததாம்.

ஊசியம்மா ஆடிப்போய்விட்டாள். வலியை விரட்டியது அவள் கைராசி இல்லை, வெறும் தெருக்காற்று. அதைத்தான் அடைக்கச் சொல்லியிருக்கிறாள். யாருக்கும் தெரியாது, வாயைத் திறக்காமல் திரும்பிப் போய்விடலாம். போகவும் பார்த்தாள்.

கணவன் சுவரோரம் தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "இந்தக் கையாலதான் அடைச்சேன். ஸ்க்ரூ டிரைவரால குத்திக் குத்தி அடைச்சேன். நானே கொன்னுட்டேன்." யார் தேற்றியும் நிறுத்தவில்லை.

அவளால் தாங்க முடியவில்லை. அவன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நீங்க இல்ல, தம்பி. அடைக்கச் சொன்னது நான்தான். ஊசி போட்ட தலையில காத்து படக் கூடாதுன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன்."

அறைவான் என்று காத்திருந்தாள். அறைந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவன் கைகளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"குளிருதுன்னுதானே எங்கிட்ட சொன்னா," என்றான். "நீங்க சொன்னதுன்னு தெரிஞ்சிருந்தா நான் ஸ்டூல்ல ஏறியே இருக்க மாட்டேன். ஊசி வைத்தியம்னாலே அவளை அழுவுற அளவுக்குக் கிண்டல் பண்ணுவேன். அதுக்குப் பயந்துதான் மறைச்சிருக்கா."

அவன் தலையிலிருந்து பழியை இறக்கி வைக்கப் போனவள், அவனுக்கு இன்னொன்றை ஏற்றிவிட்டாள். அவன் அதற்குப் பிறகு கைகளைப் பார்க்கவில்லை; இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.