கார்டியன் கையெழுத்து

1982 ஜூலை நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்த பிறகு ஆம்பூரில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்:

அப்பா அந்தோணி. டேனரியில் சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரி.

அம்மா சவுரியம்மாள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள்.

மாமா பரந்தாமன். அம்மாவின் தம்பி, ஞானஸ்நானம் வாங்காதவர். குடியாத்தத்தில் லுங்கித் தறி. வருஷா வருஷம் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருவார்.

பக்கத்து வீட்டு சர்தார் பாஷா. அப்பாவின் டேனரியில் செலக்டர். தோலைத் தொட்டுப் பார்த்து முதல் தரம், மூணாம் தரம் என்று பிரிக்கிற வேலை. எங்கள் தெருவில் எந்தப் பஞ்சாயத்துக்கும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

தங்கச்சி தனபாக்கியம். பதினேழு வயது. பிளஸ் டூ கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு.

நான். பி.எஸ்ஸி. கணிதத்தை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன். அஞ்சு வருஷமாக வேறொரு டேனரியில் நைட் ஷிப்ட், டிரம் ஆபரேட்டர். அன்றைக்கும் ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பாக்கியம் மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். மூன்றிலும் கிடைத்துவிட்டது. ஒன்றில் மட்டும் கிடைத்திருந்தால் கூட்டம் போட வேண்டியிருந்திருக்காது.

முதலாவது, வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரி. பி.எஸ்ஸி. கணிதம். காலையில் பஸ், சாயங்காலம் பஸ், மூணு வருஷம் கழித்து பி.எட்., அதற்குப் பிறகு ஏதாவது ஒரு மிஷன் பள்ளிக்கூடம். இது அப்பா தேர்ந்தெடுத்தது. இரண்டாவது, மெட்ராஸில் நான் படித்த கல்லூரி. அதுவும் பி.எஸ்ஸி. கணிதம்தான். ஆனால் அங்கே பாடம் நடத்துகிறவர்கள் வேறு ரகம். அங்கிருந்து எம்.எஸ்ஸி.க்கும் ஆராய்ச்சிக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். இது நான் தேர்ந்தெடுத்தது. மூன்றாவது திருப்பதி. வேறு மாநிலம், வேறு பல்கலைக்கழகம். இங்கே ஒரு முக்கியப் பாடம், இரண்டு துணைப் பாடம். அங்கே மூன்றும் சமம்: கணிதம், பொருளாதாரம், புள்ளியியல். வெளி மாநிலத்துக்காரர்களுக்கு இருக்கிற கொஞ்ச சீட்டில் ஒன்று இவளுக்கு வந்திருந்தது. அதை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தபால்தலை வீண் என்று நான் நினைத்திருந்தேன்.

"நாளைக்கு டிசியை எடுத்துகினு வேலூர் போறோம்," என்றார் அப்பா. "பாய், நீங்க இன்னா சொல்றீங்க?"

"பொண்ணு வூட்டோட இருந்து படிக்கும். நல்லதுதானே," என்றார் சர்தார் பாஷா.

அம்மா உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். நாலு தடவை துணியை எடுத்து வெளியே போட்டு, திரும்ப உள்ளே வைத்தாள்.

"டிசி காணமே."

"அங்க இல்ல," என்றேன். "மெட்ராஸ்ல கட்டிட்டேன். வியாழக்கிழமை."

பள்ளிக்கூடம் தருகிற டிசி ஒன்றே ஒன்றுதான். அதை எந்தக் கல்லூரியில் ஒப்படைக்கிறோமோ அங்கேதான் படிப்பு. தெரிந்துதான் செய்தேன். அப்பா வேலூரில் கட்டிவிடுவதற்கு முன்னால் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், கார்டியன் என்று போட்டிருந்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டு, கல்லூரி ஜன்னலில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். எழுந்து நின்று இதைச் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"யாரைக் கேட்டுடா?" என்று அப்பா எழுந்தார்.

"யாரைக் கேட்டு?" என்று பாக்கியமும் கேட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"உனக்காகத்தான்."

"நான் திருப்பதி போறேன்," என்றாள்.

மாமாதான் முதலில் சிரித்தார். "திருப்பதிக்கு மொட்டை போடப் போவாங்க. நீ படிக்கப் போறியா? நான் பதினாலு வருஷமா போறேன், அங்க காலேஜே கெடையாது."

"நீங்க மலைக்கு மேல மட்டும் பாத்திருப்பீங்க மாமா. காலேஜ் கீழ இருக்கு."

"வேதக்கார வூட்டுப் பொண்ணு திருப்பதில படிச்சுதுன்னா, அக்கா, நாளைக்கு உங்க ஃபாதர் இன்னா சொல்லுவாரு?"

"லட்டு கேப்பாரு," என்றாள் பாக்கியம். சர்தார் பாஷா பலமாகச் சிரித்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னா இருக்கு அங்க?" என்றார் அப்பா.

அவள் பாஷாவின் பக்கம் திரும்பினாள். "பாய், ஆயிரம் தோல் ஒரு லாட்னு வெச்சுக்கங்க. எத்தினி உருவிப் பாப்பீங்க?"

"முப்பது, நாப்பது."

"அதை வெச்சு மொத்த லாட்டுக்கும் தரம் சொல்லிடறீங்க. ஏன் நாப்பது? இருபது பாத்தா போதாதா?"

"கை சொல்லும்மா. இருபத்தஞ்சு வருஷத்துக் கை."

"கை தப்பா சொன்னா?"

"சொல்லாது." கொஞ்சம் யோசித்தார். "வருஷத்துக்கு ரெண்டு லாட் தப்பும்."

"ரெண்டா, அஞ்சா?"

"ஏ, பேஜார் பண்ணாத. மொதலாளி காதுல வுழும்."

"நான் அப்பாவுக்கு சாப்பாடு எடுத்துகினு வர்ற காலத்துலேர்ந்து இதைப் பாத்துகினு இருக்கேன். எத்தினி உருவினா எவ்ளோ தப்பு வரும்னு கணக்கு இருக்கு பாய். பிளஸ் டூ புக்குல கடைசியில புள்ளியியல்னு ஒரு பாடம் வெச்சிருக்கான், பத்துப் பக்கம். எங்க டீச்சர் அதை நடத்தவே இல்ல. எனக்கு அதுதான் வேணும்."

"தோலு பாக்க டிகிரியா? உங்கப்பன்கூட குழியில எறங்கிட்டா தீந்துது," என்றார் மாமா.

நான் விடவில்லை. அது கணக்கே இல்லை என்றேன். மூணு பாடத்தையும் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து நின்றால் இங்கே எம்.எஸ்ஸி.க்கு ஈக்வலன்ஸ் சர்டிபிகேட் கேட்பான் என்றேன்.

"கேட்டா குடுக்கறேன்."

"மெட்ராஸ்ல சொல்லித் தர்றதுதான் நெஜமான கணக்கு. ஒண்ணொண்ணையும் ஏன், எதுக்குன்னு நிரூபிச்சுட்டுத்தான் அடுத்த அடி வெப்பாங்க. உனக்கு அந்த மூளை இருக்கு."

"அவ்ளோ நெஜமான கணக்கை நீ ஏண்ணா வுட்டுட்டு வந்த?"

"உனக்குத் தெரியாதா? அப்பாவுக்குக் கையில புண்ணு. வேலைக்குப் போக முடியல."

"அப்பாவுக்குப் புண்ணு வந்தது எழுவத்தேழு ஆகஸ்ட். நீ பெயிலானது ஏப்ரல். உன் புக்குக்குள்ள மார்க் லிஸ்ட் இருக்கு, ரெண்டு பேப்பர். உனக்கு வராத பாடத்தை நான் போயி முடிச்சுக் குடுக்கணுமா?"

அப்பா தன் வலது கையைப் பார்த்தார். விரல் இடுக்கில் சுண்ணாம்பு தின்ற இடம் இன்னும் வெள்ளையாக இருக்கும். அஞ்சு வருஷமாக அந்தக் கைதான் என் படிப்பைக் கெடுத்தது என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார். பாஷா நாற்காலியிலிருந்து எழுந்து, வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார்.

அவள் சொன்னது சரிதான். அந்த இரண்டு பேப்பரும் எனக்குப் புரியவில்லை. எழுதப் பணம் இருந்தது, படிக்க நேரம் இருந்தது, புரியவில்லை. ஊருக்கு வந்தேன், அப்பாவின் புண் சாக்காகக் கிடைத்தது.

"வேலூர்னா வேலூரு," என்றார் அப்பா கடைசியில். அவர் குரல் தணிந்திருந்தது. "திருப்பதிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேணாம்ப்பா. மெட்ராஸ் ஃபாரத்துல கார்டியன்னு அண்ணன் போட்டிருக்கு. குடுத்ததைத் திரும்ப வாங்க அண்ணன் கையெழுத்துதான் வேணும், உங்களுது செல்லாது. திருப்பதியிலயும் அண்ணனே போடட்டும்." என் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை கடைசி நாள். எடுத்தவன் நீ. வாங்கிக் குடு."

திங்கள்கிழமை நான் போகவில்லை. ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வந்தேன். அவள் தலைவாரி, பை எடுத்துக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். தூக்கம் வருகிறது என்று படுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை தலைவலி என்றேன். புதன்கிழமை ஒன்றும் சொல்லாமலேயே படுத்தேன். வெள்ளிக்கிழமை கழியட்டும் என்றுதான் காத்திருந்தேன், அதில் சந்தேகம் வேண்டாம். திருப்பதி சீட்டு போய்விட்டால் டிசி மெட்ராஸில்தான் இருக்கும், இவளும் அங்கேதான் போயாக வேண்டும். அம்மா இந்த மூன்று நாளும் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டுவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை நான் பாயை விரித்தேன். அவள் வந்து அதன் மேல் செருப்புக் காலோடு நின்றாள்.

"வர்றியா, இல்ல நான் மட்டும் போயி, என்னைக் கேக்காம டிசியைத் திருடிக் கட்டிட்டாங்க, கார்டியன் கையெழுத்து செல்லாதுன்னு பிரின்சிபாலுக்கு எழுதிக் குடுக்கவா?"

"எழுதுவியா?"

"இங்கிலீஷ்லயே எழுதி வெச்சிருக்கேன். படிக்கவா?"

போனேன். காலை வண்டி தப்பி, அடுத்த வண்டியில் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டு போனேன். டிரம்மில் ராத்திரி முழுக்கச் சுற்றின தோலின் நாற்றம் என் சட்டையிலேயே இருந்தது. எதிர் சீட்டுக்காரன் காட்பாடியில் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டான்.

கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது. வெளியே பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். பாக்கியம் அதன் முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை படித்தாள். நான் படிக்கவில்லை.

தலைமை கிளார்க் பெயர் ஆதிகேசவன் என்று மேஜை மேல் மரத்துண்டில் எழுதியிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"அட்மிஷன் முடியற வரைக்கும் டிசி திரும்பத் தர்றதில்லம்மா. மாசக் கடைசியில வா."

"நாளைக்குத் திருப்பதியில கட்டணும் சார்."

"மேத்ஸ் சீட்டை விட்டுட்டா? இந்த சீட்டுக்கு எத்தனை பேர் அலையறான் தெரியுமா?"

"பதினேழு பேர். வெளியில காத்திருப்போர் பட்டியல் ஒட்டியிருக்கீங்க. மொத பேரு நெமிலிப் பையன். நான் இன்னிக்கு வுட்டா அவன் நாளைக்கே சேரலாம். மாசக் கடைசியில வுட்டா யாருக்கும் கெடையாது. வகுப்பு ஆரம்பிச்சிருக்கும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பிரின்சிபால் போயிட்டார். நாளைக்கு வா."

"நாளைக்கு நான் அங்க இருக்கணும்."

"அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. அவள் போய் அதில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். நாலரை ஆனது. ஒவ்வொரு கிளார்க்காக எழுந்து போனார்கள். அஞ்சு மணிக்குப் பியூன் வந்து ஜன்னல்களைச் சாத்தினான்.

"எழுந்துரும்மா. பூட்டணும்."

"பூட்டிக்கங்க. நான் உள்ளயே இருக்கேன்."

"பொம்பளப் பிள்ளைய வெச்சுப் பூட்டினா என் வேலை போயிடும்மா!"

"அப்ப சாரை டிசி குடுக்கச் சொல்லுங்க."

ஆதிகேசவன் என்னைக் கூப்பிட்டார். குரலைத் தணித்துக்கொண்டார். "கார்டியன் நீங்கதானே? சின்னப் பொண்ணு, பிடிவாதம். அவ நல்லதுக்குத்தானே நீங்க இங்க சேர்த்தீங்க? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பீரோவைப் பூட்டிட்டுக் கிளம்பறேன். கையைப் பிடிச்சு அழைச்சுட்டுப் போங்க. நீங்களும் இங்க படிச்சவர்னு போன வாரம் சொன்னீங்க இல்ல? உங்களுக்குத் தெரியாததா?"

நல்லவர்தான். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது. வேறு ஒருவன் வாயிலிருந்து வரும்போது எனக்குப் பிடிக்கவில்லை. பெஞ்சைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் என்ன சொன்னாலும் அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"படிச்சேன் சார்," என்றேன். "பாஸ் பண்ணல. ஒரு பேப்பர் குடுங்க."

எழுதினேன். என் பாதுகாப்பில் உள்ள மாணவி இந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறாள், அசல் சான்றிதழைத் திருப்பித் தரவும், கட்டிய பணத்தைக் கேட்க மாட்டேன். கையெழுத்துப் போட்டேன். அவர் படித்தார், இன்னொரு முறை படித்தார், தலையை ஆட்டிக்கொண்டே பீரோவைத் திறந்தார். சான்றிதழ்க் கட்டிலிருந்து டிசியை உருவ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

பாக்கியம் அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, பைக்குள் வைத்தாள். அவருக்கு நன்றி சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை.

"திருப்பதி வண்டி எத்தினி மணிக்கு?" என்றாள் வாசலைத் தாண்டும்போது.

"ஆறேகால்னு நெனைக்கறேன்."

"நெனைக்காத. கேட்டுச் சொல்லு."

அவள் படியிறங்கி நடந்துகொண்டிருந்தாள். நானும் வெளியே வந்தேன். பியூன் என் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.