கைநீட்டம்

தாவூது ராவுத்தருக்கு உலகத்தில் ஒரே மாதிரி லேப்தான் உண்டு. அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி ரத்தம் எடுப்பாள், சாயங்காலம் சுகர் எவ்வளவு என்று காகிதத்தில் கொடுப்பாள். மகள் நிஸா பயோகெமிஸ்ட்ரி சேர்ந்த புதிதில், "இன்னைக்கு லேப் இருக்கு அத்தா, வர லேட்டாகும்" என்று சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான். மகள் லேபுக்குப் படிக்கிறாள் என்று அன்றைக்கே கொச்சி மட்டாஞ்சேரி பஜார் முழுக்கப் பரப்பிவிட்டார். சுக்கும் மிளகும் விற்கிற மனுஷருக்கு வாய்க்கா பஞ்சம்?

நிஸா சொல்லாமல் இல்லை. தின்ற சோறு உடம்புக்குள் எப்படிச் சக்தியாகிறது, ஒரு புரதம் கோணிப்போனால் என்ன வியாதி வருகிறது, இதெல்லாம்தான் தன் பாடம் என்றாள். எம்.எஸ்சி. போகலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம், மருந்துக் கம்பெனி இருக்கிறது என்றாள். "ரத்தம் எடுக்கிற லேபுக்கு வேற படிப்பு அத்தா. அதுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் வேணும்."

"எல்லாம் ரத்தம் தன்னேடி?" என்பார் அவர்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் தோப்பும்படியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. கப்பலேறப் போகும் சூரை மீன் கெட்டு, அதில் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அவளுக்கு ஆசையாக இருந்தது. அத்தா சிரித்தார். "மீன் கெட்டுப்போச்சான்னு பாக்க டிகிரி எதுக்கு? உன் அம்மா மோந்து பாத்துச் சொல்லிருவா."

அவர் கடையை ஒட்டிய சாக்கு அறையை ஒழித்து வெள்ளையடித்திருந்தார். வாசலில் 'நிஸா கிளினிக்கல் லேப்' என்று பச்சை எழுத்தில் பலகை. லைசென்ஸ் விஷயத்தை அவருடைய கூட்டாளி ஆஸிம் பார்த்துக்கொண்டார். வளைகுடாவில் இருக்கிற யாரோ ஒரு டெக்னீஷியனின் சர்டிபிகேட்டை வாங்கிவந்து சுவரில் மாட்டினார். ரிப்போர்ட்டில் அவன் பெயர், வேலை நிஸாவுடையது. இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் அவள் நேரே அத்தாவிடம் போய் நின்றாள்.

"யாருக்காவது தப்பா ரிப்போர்ட் போச்சுன்னா? அதை நம்பி மருந்து தின்னா?"

"நீ தப்பாச் செய்வியா மோளே?" என்று கேட்டார் அத்தா. அவர் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. அந்த நம்பிக்கைதான் அவள் வாயை அடைத்தது.

திறப்பு நாளன்று பஜாரே வந்து நின்றது. சாயாவும் அல்வாவும் போய்க்கொண்டிருந்தன. நம் பக்கம் போணி என்போமே, அதற்கு அங்கே கைநீட்டம் என்று பெயர். கைநீட்டத்துக்கு நல்ல கையாக இருக்க வேண்டும். தாவூது யாரையும் நம்பவில்லை, பெண்டாட்டியையே உட்கார வைத்தார். லதீஃபா பிஸ்மில்லா சொல்லி, ரவிக்கைக் கையை மடித்துவிட்டு, மகளுக்கு நேராகக் கையை நீட்டினாள்.

நிஸா ரப்பரைக் கட்டினாள். அதை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறாள். ஊசியை எடுத்தாள். கல்லூரியில் ரத்தம் அவளிடம் எப்போதும் டியூபில்தான் வந்தது, மனுஷத் தோலில் அவள் ஊசி வைத்ததே இல்லை. அம்மாவின் கையில் நரம்பு எங்கே என்றுகூடத் தெரியவில்லை. வலித்தாலும் அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். ஆனால் வாசலில் பக்கத்து ஊர்ப் பள்ளுருத்திக்காரர் ஒருவர், வெறும் வயிற்றோடு, அடுத்த ஆளாக நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் போய் வெட்கம் வந்தது.

ஊசியைக் கீழே வைத்தாள். "எனக்கு ரத்தம் எடுக்கத் தெரியாது. இங்க யாரும் கையைக் கொடுக்காதீங்க."

சாயா டம்ளர்கள் அப்படியே நின்றன.

"அப்ப மூணு வருஷமா என்னடி படிச்சே?" அத்தாவின் குரல் எழும்பவே இல்லை.

"ரத்தத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு படிச்சேன். எடுக்கப் படிக்கல."

"அவிழ்த்து விடு மோளே, கை மரத்துப்போச்சு" என்றாள் லதீஃபா. நிஸா அவிழ்த்தாள். பள்ளுருத்திக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னால் ஒவ்வொருவராக நகர ஆரம்பித்தார்கள்.

கைநீட்டத்தைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாத மனுஷர் தாவூது. மனைவி எழுந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார், சட்டைக் கையைச் சுருட்டிக் கையை நீட்டினார்.

"சும்மா ஒரு குத்து. எல்லாரும் பாக்கறாங்க மோளே."

யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்திராத மனுஷர். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையிலிருந்த ரப்பரைச் சுருட்டி மேசை டிராயரில் போட்டு மூடினாள். ஸ்டூலில் ஏறிச் சுவரிலிருந்த சர்டிபிகேட்டைக் கழற்றி ஆஸிமிடம் கொடுத்தாள்.

"நாளைக்கு நான் தோப்பும்படிக்கு இன்டர்வியூ போறேன் அத்தா."

கடைசி ஆள் போன பிறகும் நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.