கன்ட்ரோல் துண்டு

தம்பியின் தொடையிலிருந்து எடுத்த கட்டியை நான் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொந்தக்காரர்களின் சாம்பிளை வேறொருவர்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் லேபின் வழக்கம். கேட்டேனா? பதினாறு வருடமாக ஸ்லைடுக்குச் சாயம் போடுகிறவள், என்னைவிட யார் கவனமாகச் செய்துவிடப் போகிறார்கள் என்ற திமிர்.

செல்லைப் பெருகு, பெருகு என்று ஏவிக்கொண்டே இருக்கும் புரதம் ஒன்று உண்டு. டாக்டரம்மாவுக்கு ஏற்கெனவே சந்தேகம். இந்தப் புரதமும் நிறைந்திருந்தால் சாயம் பழுப்பாகப் பிடிக்கும், புற்று என்பது உறுதியாகிவிடும். இல்லாவிட்டால் வெறும் நீலமாக நிற்கும். ஒவ்வொரு ஸ்லைடிலும் நோயாளியின் சதைத் துண்டோடு, ஓரத்தில் வேறொரு சதைத் துண்டும் வைப்போம். அதில் அந்தப் புரதம் இருப்பது முன்பே தெரியும். அதுவே பழுப்பாகாவிட்டால் சாயம் போட்டது தப்பு. அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அதை முதலில் பார்க்காத புதுசுகளை வறுத்தெடுப்பவள் நான்.

அன்று மைக்ரோஸ்கோப்பில் நேராகத் தம்பியின் துண்டுக்குத்தான் போனேன். எங்கும் நீலம், பொட்டுப் பழுப்பு இல்லை. வராந்தாவுக்கு ஓடிப் போன் போட்டேன்.

"டேய், ஒண்ணும் இல்லடா. சுத்தமா இருக்கு."

"நிஜமாவா அக்கா?" என்று கேட்டு அழுதான். அப்பா போனபோதுகூட அழாதவன்.

டாக்டரம்மா ஸ்லைடைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கன்ட்ரோலப் பாத்தியாம்மா?"

குரலில் கோபமே இல்லை. குனிந்து பார்த்தேன். அதுவும் நீலம். புரதத்தைத் தேடிப் பிடிக்கும் மருந்தை ஊற்றவே மறந்து அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன்.

மறுபடி செய்தது வேறொருத்தி. சாயங்காலம் இரண்டு துண்டும் பழுப்பு. தம்பியுடையது கன்ட்ரோலைவிடக் கறுத்திருந்தது.

"நான் பேசட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

"வேண்டாம் டாக்டர். காலையில சொன்னது நான்தானே."

அரை நாள் நிம்மதியைக் கொடுத்துவிட்டு நானே பிடுங்கப் போகிறேன். அதே வராந்தாவில் நின்று போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் அவன் பிள்ளைகளின் சிரிப்பு.

"அக்கா, நல்ல நேரத்துல பண்ணின. இரு, ஸ்பீக்கர்ல போடறேன். நான் சொன்னா அம்மா நம்ப மாட்டேங்கறாங்க. உன் வாயால கேக்கணுமாம்."

"ஸ்பீக்கர் வேண்டாம்டா" என்றேன்.

சிரிப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று. கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

"சொல்லுக்கா" என்றான்.