இரட்டைப்படை வாரங்கள்

1999ஆம் ஆண்டின் மூன்றாவது வாரம், திங்கட்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஸ்வீடனின் யேவ்லே நகரில் ஏழு வயது தூவா தன் பள்ளியின் இரண்டு வாசல்கள் வழியாகவும் ஒரே நேரத்தில் வெளியே வந்தாள். தெருப்பக்க வாசலில் அவள் அம்மா அன்னெலி நின்றிருந்தாள். திடல்பக்க வாசலில் அப்பா ஹோக்கன் கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவில் மூன்று மாடிக் கட்டடம். அன்னெலி மகளைப் பேருந்தில் பிரினாஸில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள், ஹோக்கன் காரில் சேத்ராவில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். அன்று வெப்பநிலை மைனஸ் பதினொன்று.

அந்த ஊரில் தேதி சொல்லி யாரும் எதையும் ஒத்துக்கொள்வதில்லை. வாரத்தின் எண்ணைச் சொல்வார்கள். பல் வைத்தியர் ஒன்பதாம் வாரம், காரின் பனிக்காலச் சக்கரம் மாற்றுவது பதினைந்தாம் வாரம், விடுப்பு இருபத்தெட்டிலிருந்து. விவாகரத்தும் அப்படியே எழுதப்பட்டது: ஒற்றைப்படை வாரங்களில் தூவா அம்மாவிடம், இரட்டைப்படை வாரங்களில் அப்பாவிடம். ஹோக்கன் மறதிக்காரன். 1997இல் நீச்சல் குளத்தில் மகளை இரண்டு மணி நேரம் மறந்துவிட்டான். ஈரத் தலையோடு அவள் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தது பிறகு வந்த எந்தச் சண்டையிலும் அன்னெலிக்குப் போதுமானதாக இருந்தது. நகராட்சியின் குடும்ப அலுவலகத்தில் அவன் இனி ஒரு நாளும் மகளை மறக்க மாட்டேன் என்று சொன்னான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார். 1998 கிறிஸ்துமஸுக்கு அவன் தனக்குத்தானே ஒரு கையடக்க ஆர்கனைசர் வாங்கிக்கொண்டான்.

சட்டைப்பையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி. மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் திரையைத் தொட்டு எழுத வேண்டும். லிஃப்ட் பரிசோதகனான ஹோக்கன், நகரத்து லிஃப்டுகளில் நானூறின் பரிசோதனை வாரங்களை அதற்குள் ஏற்றினான். பிறகு தூவா தன்னிடம் வரும் வாரங்கள், கட்டடத்தின் பொதுவான துணி துவைக்கும் அறையில் தன் முறை, தன் அம்மாவுக்குத் தொலைபேச வேண்டிய ஞாயிறுகள், தூவாவின் சறுக்குக் காலணியின் அளவு. பெட்டி ஒரு நாளைக்கு இருபது தடவை கூவியது. ஒவ்வொரு கூவலுக்கும் அவன் எழுந்தான். உட்கார்ந்து காப்பி குடித்து முடித்த நாள் அந்த ஆண்டில் இல்லை. ஒரே ஒரு சிக்கல், அது அமெரிக்கப் பெட்டி. ஜனவரி முதல் தேதி எந்தக் கிழமையில் விழுந்தாலும் அதற்கு அதுதான் முதல் வாரம். 1999இல் அது வெள்ளிக்கிழமை விழுந்தது. ஸ்வீடன் முழுவதும் அந்த வெள்ளியைப் பழைய ஆண்டின் ஐம்பத்து மூன்றாம் வாரத்தில் சேர்த்தது. ஆகவே ஹோக்கன் ஒருவன் மட்டும் நாட்டைவிட ஒரு எண் முன்னால் போய்விட்டான். வேலையில் இது வெளியே தெரியவில்லை. லிஃப்ட் பரிசோதகர் ஒரு வாரம் முன்னதாக வந்துவிட்டார் என்று யாரும் புகார் எழுதுவதில்லை. மேலாளர் அவனைப் பாராட்டினார்.

இப்படியாக, ஒற்றைப்படை வாரங்களை இருவருமே தங்களுடையவை என்று எண்ணினார்கள். அந்த வாரங்களில் தூவா இரண்டு வீடுகளிலும் இருந்தாள். இரண்டு இடத்திலும் இரவு உணவு சாப்பிட்டாள், இரண்டு இடத்திலும் பல் தேய்க்க மறுத்தாள். காலையில் இரண்டு திசைகளிலிருந்து வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாள். சில நாட்களில் ஒரு காலில் சேத்ரா வீட்டுச் சிவப்பு பூட்ஸும் மறு காலில் பிரினாஸ் வீட்டு நீல பூட்ஸும் இருக்கும். இரட்டைப்படை வாரங்களில் யாரும் வரவில்லை. பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இங்கெலா, யாரோட வாரம் என்று கேட்பாள், தூவா ஏதோ சொல்வாள், பிறகு அவளுடைய கொக்கியில் மேலங்கி இருக்காது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்துவிடுவாள். தலை வாரியிருக்கும். கையுறையில் பைன் பிசினும் புகை வாசனையும். பிப்ரவரியில் ஒருமுறை பை நிறைய லிங்கோன்பெர்ரி என்ற இலையுதிர்காலக் காட்டுப் பழம் கொண்டுவந்தாள், காட்டில் பறித்த மாதிரி, பனி படாமல். இங்கெலா அதில் ஜாம் செய்தாள்.

அக்டோபரில் விஷயம் உடைந்தது. நாற்பத்திரண்டாம் வாரத்துக்குக் குறித்திருந்த ஒரு கட்டடத்துக்கு ஹோக்கன் வழக்கம்போலப் போனான். அங்கே காவல் பராமரிப்பு எல்லாம் பார்க்கும் சூனே, பட்டறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைச் சுத்தியலால் தட்டினான்.

"ஏண்டா ஹோக்கன், வருஷம் பூரா இப்படித்தான் முந்திக்கிட்டு வர்ற. உனக்கு என்ன, பொண்டாட்டியா காத்திருக்கா? இது நாப்பத்தொண்ணு."

"நாப்பத்திரெண்டு," என்று ஹோக்கன் பெட்டியைக் காட்டினான்.

"அப்போ மொத்த ஸ்வீடனும் தப்பு, உன் சோப்புப் பெட்டி மட்டும் சரி. உக்காரு, காப்பி குடி."

அவன் உட்காரவில்லை. வீட்டுக்கு ஓட்டிப் போனான். அன்றைக்குப் பள்ளி அரை நாள். தூவா சமையலறையில் மீன்முட்டைப் பசை தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே அன்னெலிக்குத் தொலைபேசினான்.

"தூவா எங்க?"

"இங்கதான், சோபாவுல. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"இங்கயும் இருக்கா."

அன்னெலி சோபாவைத் திரும்பிப் பார்த்தாள். "குடிச்சிருக்கியா?" என்றாள். அவன் வாரக் கணக்கைச் சொன்னான். அவள் பேருந்து ஓட்டுநர், கால அட்டவணையில் தவறு என்றால் சட்டென்று புரியும். "அப்போ போன வாரம்?" என்றாள். "போன வாரம் அவ உங்கிட்டதான்னு நான் நிம்மதியா தூங்கினேனே." அவனும் அப்படித்தான் தூங்கியிருந்தான். இருபது வாரங்கள். நீச்சல் குளத்தில் இரண்டு மணி நேரம் மறந்தவன் இருபது வாரங்கள் மறந்திருந்தான். இந்த முறை அன்னெலியும் மறந்திருந்ததால் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கே போகிறாய் என்று தூவாவைக் கேட்டார்கள், இரண்டு வீட்டிலும் ஒரே நிமிடத்தில். இரண்டு வீட்டிலும் ஒரே பதில் வந்தது: "அது என்னோட வாரம்."

ஹோக்கன் பெட்டியின் முதுகில் 'ஒன்றைக் கழி' என்று எழுதிய காகிதத்தை ஒட்டினான். நாற்பத்திரண்டாம் வாரம் திங்கட்கிழமை அரை மணி முன்னதாகவே வாசலில் நின்றான். தூவா ஒரே வாசல் வழியாக, ஒரே நிறப் பூட்ஸோடு வந்தாள். ஆறு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்காக நடந்த அந்த ஆறு வாரத்தில் பிள்ளை உட்காரவே இல்லை. வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தாள். கட்டட லிஃப்டில் ஏறி எட்டாம் மாடிக்கும் கீழுக்கும் போய்க்கொண்டிருந்தாள். லிஃப்டை அவனே பரிசோதித்திருந்தான், அதில் குறை இல்லை. ஹோக்கனும் அவள் பின்னால் படியில் ஏறி இறங்கினான். மூச்சு வாங்க, ஐந்தாம் மாடியில் லிஃப்ட் கதவைப் பிடித்து நிறுத்தினான்.

"அங்க என்னதான்டி இருக்கு? சொல்லேன்."

"ஒண்ணும் இல்ல. அடுப்பு மூட்டணும், மீன் கழுவணும். கொஞ்சம் குளிரும்."

"அப்புறம் எதுக்கு?"

அவள் அவனை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அங்க போனாத்தான் அடுத்த வாரம் நீங்க ரெண்டு பேரும் இருப்பீங்க. இப்போ அம்மா இருந்தா நீ இல்ல. நீ இருந்தா அம்மா இல்ல. எப்பவும் யாராவது ஒருத்தர் இல்ல. விடுப்பா, கதவு அடிக்குது."

இதை அவன் அன்னெலியிடம் சொன்னபோது அவள் பேருந்து நிலையத்தில் சீருடையோடு நின்றிருந்தாள். "பொண்ண எங்கன்னு தெரியாம அனுப்பிட்டு நான் பஸ் ஓட்டணுமா? கல்லா நானு?" என்றாள். பிறகு, தன் வீட்டிலும் அவள் அப்படித்தான் நடக்கிறாள், கீழ்வீட்டுக்காரி இரண்டு தடவை புகார் சொல்லிவிட்டாள் என்றாள். பேருந்து கிளம்பும் நேரம் வந்தது. ஏறி, கண்ணாடியைச் சரிசெய்தாள். "நாப்பத்தெட்டாவது வாரம்," என்றாள். "பார்ப்போம். அவளுக்குத் தடிச்ச சாக்ஸா போட்டு அனுப்பு." கதவு மூடியது.

நாற்பத்தெட்டாம் வாரம், திங்கட்கிழமை. ஜன்னல்களில் காகித நட்சத்திரங்கள் மாட்டியிருந்தார்கள். அன்று காலை ஹோக்கன் பிரினாஸுக்கே போய், மகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுப் பள்ளியில் விட்டான். பெட்டியின் முதுகிலிருந்த காகிதத்தைக் கிழித்தான். மூன்றரை மணிக்கு ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் இயந்திர அறையில் நின்றிருந்தான். பெட்டிக்கு அது நாற்பத்தொன்பதாம் வாரம், அது கூவவில்லை. அந்த ஆண்டில் அது பேசாமல் இருந்ததை அவன் முதல் தடவை கேட்டான். கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், கிரீஸ் சட்டையெல்லாம் பட்டது. போகாமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. ஏனென்றால் இதுவரை மறந்ததால்தான் போகாமல் இருந்திருக்கிறான். அந்த வாரம் அவனும் அன்னெலியும் தினமும் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கு எதிரே காரில் உட்கார்ந்து, மகள் வந்து சேர்வதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள். ஒவ்வொரு நாளும் வந்தாள், வனத்தின் பக்கமிருந்து, சட்டைக் கையில் மீன் செதிலோடு. அடுத்த திங்களன்று இரண்டு வாசல்களிலும் வெளியே வந்தாள்.

2001இல் பெட்டியும் நாடும் ஒத்துப்போயின. அதன்பின் ஹோக்கன் தானே ஒன்றைக் கூட்டித் தவறாக எண்ண வேண்டியிருந்தது, அதை ஒரு வாரமும் தவறவிடவில்லை. குடும்ப அலுவலகத்தில் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள்: ஒற்றைப்படை வாரங்கள் இருவருக்கும், இரட்டைப்படை வாரங்கள் தூவாவுக்கு. அலுவலர் நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்தினார். ஐம்பத்து மூன்றாம் வாரம் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் கேட்டு ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அது 2004இன் கடைசியில் வந்தது. ஐம்பத்து மூன்றும் அடுத்து வந்த ஒன்றும் ஒற்றைப்படை, பதின்மூன்று வயதுக்காரி இரண்டு வாரம் தொடர்ந்து இரண்டு வீட்டிலும் இருந்தாள். இரண்டு வீட்டிலும் பால் தீர்ந்தது. 2005இல் பழைய பெட்டி தானாகவே ஒரு எண் முன்னால் போனது. ஹோக்கன் அதைத் துடைத்து, இரண்டு புது பேட்டரி போட்டான். பிறகு உட்கார்ந்து காப்பி குடித்தான்.